வேண்டாத 200 பவுண்டு: 'சர்வைவிங் வின்டர்' நன்கொடைத் திட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் ஓய்வூதிய வயதை எட்டியவர்களின் வங்கிக் கணக்கில் நவம்பர், டிசம்பர் வாக்கில் ஒரு தொகை வந்து சேரும். கணக்கு விவரத்தில் அவரவர் தேசியக் காப்பீட்டு எண்ணும், பக்கத்தில் 'டிடபிள்யூபி டபிள்யூஎஃப்பி' என்ற எழுத்துகளும் இருக்கும். பெரும்பாலானோர் இதற்காக எந்தப் படிவமும் நிரப்பியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு 200 பவுண்டு, 80 வயதை எட்டியவர் இருந்தால் 300. குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்று பெயர்; அதைக் கொடுக்கும் துறையின் பெயரும் இந்தப் பெயரும் சுருங்கியவைதான் அந்த எழுத்துகள். 1997 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் இதை அறிவித்தபோது வெறும் 20 பவுண்டுதான், வருமான உதவி பெறும் முதியவர்களுக்கு 50. 2000ஆம் ஆண்டுக்குள் அது 200 ஆகிவிட்டது. 2003 முதல் மூத்த முதியவர்களுக்குக் கூடுதலாக 100 சேர்ந்தது.

இந்தத் தொகையில் ஒரு விசித்திரம் இருந்தது. வாங்குபவரின் வருமானத்தை யாரும் கேட்கவில்லை. மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரருக்கும் அதே 200, குளிரில் கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே 200. இது வீண்செலவு என்று ஒரு தரப்பு ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கொடுத்தால்தான் கூச்சப்பட்டு ஒதுங்குபவர்களுக்கும் போய்ச்சேரும் என்று இன்னொரு தரப்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டிலும் உண்மை உண்டு. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த வாதத்தை அல்ல, அதன் இடுக்கில் முளைத்த ஒரு நன்கொடைத் திட்டத்தை.

சாமர்செட்டில் தொடங்கியது

2010இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள சாமர்செட் மாவட்டத்தின் சமூக அறக்கட்டளை 'சர்வைவிங் வின்டர்' என்ற பெயரில் ஒரு வேண்டுகோளை முன்வைத்தது. உங்களுக்கு வரும் எரிபொருள் உதவித்தொகை உங்களுக்குத் தேவையில்லையா, எங்களிடம் கொடுங்கள், இதே மாவட்டத்தில் வீட்டைச் சூடாக்க முடியாமல் இருப்பவருக்குக் கொண்டுசேர்க்கிறோம் என்பதுதான் சாரம். அந்த டிசம்பர், பிரிட்டனில் நாடு தழுவிய பதிவுகள் தொடங்கிய 1910க்குப் பிறகு மிகக் குளிரான டிசம்பராக அமைந்தது. அடுத்த ஆண்டே நாடெங்கும் உள்ள மற்றச் சமூக அறக்கட்டளைகளும் இதைக் கையில் எடுத்தன. மாவட்டம் அல்லது நகரம் அளவில் இயங்கும் இந்த அறக்கட்டளைகள் பிரிட்டனில் 40க்கும் மேல் இருக்கின்றன. உள்ளூரில் பணம் திரட்டி உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் இவற்றின் அன்றாட வேலை. ஆகவே புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டியிருக்கவில்லை.

யோசனை எளிது. ஆனால் ஏன் பலித்தது என்பது அவ்வளவு எளிதல்ல. முதியவர்களிடம் வேறு சமயத்தில் 200 பவுண்டு கேட்டால் தயங்குவார்கள். இதே தொகை குளிர்கால எரிபொருள் என்ற பெயரோடு, கேட்காமல், குளிர் தொடங்கும் நேரத்தில் வந்தால் கொடுத்துவிடுகிறார்கள். பெயருக்கு இருக்கும் பலத்தைப் பற்றி ஒரு பிரபலமான பொருளியல் ஆய்வு 2014இல் வெளியானது. சாதாரணப் பணமாக நினைத்திருந்தால் அந்த உதவித்தொகையில் 3 சதவீதம்தான் எரிபொருளுக்குப் போயிருக்க வேண்டும். உண்மையில் சராசரியாக 47 சதவீதம் போனது. வங்கிக் கணக்கில் விழுந்தபின் எல்லாப் பணமும் ஒன்றுதான், யாரும் எதற்கும் செலவிடலாம், தணிக்கை எதுவும் கிடையாது. இருந்தும் பெயர் சொன்ன பக்கமே பணம் நகர்ந்தது.

அந்த ஆய்வு நன்கொடையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அதே விசை இங்கேயும் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. வீடு ஏற்கெனவே சூடாக இருப்பவருக்கு, எரிபொருள் என்று எழுதிய பணத்தில் ஒயின் வாங்குவது கொஞ்சம் உறுத்தும். அந்த உறுத்தலுக்கு ஒரு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்ததுதான் சாமர்செட்காரர்களின் சாமர்த்தியம். 2013இல் அப்போதைய வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித், தேவையில்லாத வசதியானவர்கள் இதுபோன்ற சலுகைகளை அரசிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். கருவூலத்துக்குத் திருப்பி அனுப்புவதில் யாருக்கு என்ன ஆசை இருக்கும்? பக்கத்து ஊரில் ஒரு கிழவியின் ஹீட்டர் எரியும் என்றால் அது வேறு கதை.

கூடவே கிஃப்ட் எய்ட் என்ற ஏற்பாடும் உண்டு. வரி கட்டுபவர் அறக்கட்டளைக்கு 1 பவுண்டு கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். ஆக 200 கொடுத்தால் 250. அரசு எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தது, வேண்டாதவர் அதை அறக்கட்டளைக்குத் தள்ளினார், அரசு அதன் மேல் இன்னும் 50 போட்டது. வள்ளல் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

மீட்டருக்குள் போகும் பணம்

கொடுப்பவர் பக்கம் இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. வாங்குபவர் பக்கம் அப்படி இல்லை. இந்தத் திட்டத்தைப் பாராட்டி எழுதுபவர்கள் பலர் பாதி வழியில் நின்றுவிடுவது இங்கேதான்.

பிரிட்டனின் ஏழை வீடுகளில் கணிசமானவை ப்ரீபெய்டு மீட்டரில் ஓடுகின்றன. மின்சாரத்துக்கு ஒரு கீ, எரிவாயுவுக்கு ஒரு அட்டை. கடைக்கோ தபால் நிலையத்துக்கோ கொண்டுபோய்ப் பணம் ஏற்றி, வீட்டுக்கு வந்து மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் 5, 10 பவுண்டு அவசரக் கடன் கிடைக்கும், அதுவும் தீர்ந்தால் நின்றுவிடும். யாரும் வந்து இணைப்பைத் துண்டிப்பதில்லை. அதனால் அறிவிப்புக் கடிதமும் இல்லை, அந்த வீடு இருளில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம் வெயில் வந்ததும் எரிவாயுவுக்குப் பணம் ஏற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். சமையல் மின்சாரத்தில், ஹீட்டர் தேவையில்லை, மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு. ஆனால் எரிவாயு பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற நிலைக்கட்டணம் நாள்தோறும் ஏறும். 2023-24 குளிர்காலத்தில் அது எரிவாயுவுக்கு நாளுக்கு 30 பென்ஸ் அளவில் இருந்தது. மின்சாரத்துக்கு 50 பென்ஸைத் தாண்டியது. நான்கு மாதத்தில் எரிவாயு மீட்டரில் மட்டும் ஏறக்குறைய 36 பவுண்டு கடன் சேர்ந்திருக்கும். அக்டோபரில் முதல் குளிர் வருகிறது. வீட்டுக்காரர் 20 பவுண்டு ஏற்றுகிறார். மீட்டர் அதை அப்படியே விழுங்கிவிட்டு, இன்னும் 16 பாக்கி என்று காட்டுகிறது. ரேடியேட்டர் சில்லென்றே இருக்கிறது. பழைய பில் பாக்கியை வாரம் இவ்வளவு என்று மீட்டர் மூலம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த வீட்டுக்கு ஓர் அறக்கட்டளை 15 பவுண்டு வவுச்சர் கொடுக்கிறது என்று வையுங்கள். நல்ல மனசுதான். ஆனால் அதில் ஒரு மணி நேர வெப்பம்கூட வராது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றுகூடச் சொல்ல முடியாது, பொரி யானையின் வாய்க்கே போகவில்லை.

அனுபவமுள்ள அமைப்புகள் இதனால்தான் பணம் கொடுப்பதற்கு முன் மீட்டரில் எவ்வளவு பாக்கி என்று கேட்கின்றன. 2015இல் தொடங்கிய ஃபியூவல் பேங்க் என்ற ஏற்பாடு, உணவு வங்கிகளும் ஆலோசனை மையங்களும் அனுப்பிவைக்கும் வீடுகளுக்கு மீட்டரில் ஏற்றும் வவுச்சராகவே உதவுகிறது. உணவு வங்கிக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவு நேரடியானது. பாஸ்தா பொட்டலத்தைக் கொடுத்தால், வேகவைக்க மின்சாரம் இல்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கெட்டிலில் சூடாக்கிய தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்கிற சாப்பாட்டுப் பொட்டலங்களை உணவு வங்கிகள் தனியாகக் கட்டத் தொடங்கியது அப்படித்தான். கெட்டிலும் வேண்டாம் என்கிற பொட்டலமும் வந்துவிட்டது.

கிராமப்புறத்தில் சிக்கல் வேறு மாதிரி. சாமர்செட் போன்ற இடங்களில் எரிவாயுக் குழாய் போகாத ஊர்கள் ஏராளம். அங்கே வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி, அதில் வெப்ப எண்ணெய். விற்பனையாளர்கள் பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவந்து ஊற்ற மாட்டார்கள். அதாவது ஒரே நேரத்தில் சில நூறு பவுண்டு கையில் வேண்டும். இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு சின்ன மின்சார ஹீட்டரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு கூடுதல் விலையில் மின்சாரத்தை எரிப்பார். வட அயர்லாந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் எண்ணெயை நம்பியிருக்கின்றன. அங்கே பெட்ரோல் நிலையங்களில் 20 லிட்டர் கேன்களில் வெப்ப எண்ணெய் விற்கிறார்கள். லிட்டர் கணக்கில் பார்த்தால் அதுதான் அதிக விலை, அதை வாங்குபவர்தான் அதிக ஏழை. இப்படிப்பட்ட வீட்டுக்கு 200 பவுண்டு நன்கொடை ஒரே தொகையாகப் போனால், இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தொட்டியில் எண்ணெய் ஊற்ற வழி பிறக்கும். நான்கு தவணையாகப் போனால் கேன்களில் கரைந்துவிடும். நன்கொடையின் அளவு மட்டுமல்ல, அது எந்த வடிவில் போகிறது என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது.

அப்புறம், கேட்கத் தயங்கும் முதியவர்கள். என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்ற பதிலைக் கேட்காத ஆலோசகர் இருக்க மாட்டார். உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்கிறது. 13, 14 பாகையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதிலைச் சொல்பவர்கள் உண்டு. நல்ல ஆலோசகர் காசோலையோடு நிற்பதில்லை. குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் வாங்குகிறீர்களா, சரியான கட்டணத் திட்டத்தில் இருக்கிறீர்களா, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு முறை கொடுக்கும் 200ஐவிட, விண்ணப்பிக்காமல் விட்ட பென்ஷன் கிரெடிட்டை வாங்கிக்கொடுப்பது பல மடங்கு பெரிய உதவி. 2022-23இல் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதை வாங்கிக்கொண்டிருந்தன. திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை ஆலோசகரின் சம்பளத்துக்குச் செலவிட்டால் சில நன்கொடையாளர்களுக்குக் கோபம் வருகிறது. என் பார்வையில் அதுதான் இந்தத் திட்டத்தின் மிகப் பயனுள்ள செலவு.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர்ப் பணம் உள்ளூருக்கே என்ற கொள்கை நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் வசதியான ஓய்வூதியர்கள் குடியேறும் கடலோர மாவட்டங்களில் பணம் சுலபமாகத் திரளும், பழைய தொழில் நகரங்களில் கொடுப்பவர் குறைவு, வாங்குபவர் அதிகம். மாவட்ட எல்லை அங்கே ஒரு சுவராக நிற்கிறது.

2022: பணம் கண்ணில் படாத ஆண்டு

எரிசக்தி விலை ஏறிய கதையை நீட்ட வேண்டியதில்லை. ஒரு சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 அக்டோபரில், அரசு தலையிட்டு மானியம் கொடுத்த பிறகும், 2,500. அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டனின் எல்லா வீடுகளுக்கும், முதியவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 400 பவுண்டு தள்ளுபடி கிடைத்தது.

இதையும் தானம் செய்யச் சொல்லிப் பல இடங்களிலிருந்து வேண்டுகோள்கள் வந்தன. சாமர்செட் யோசனையேதான், தொகை மட்டும் இருமடங்கு. ஆனால் வித்தியாசம் ஒன்று இருந்தது. அந்த 400 வங்கிக் கணக்குக்குப் பணமாக வரவில்லை. ஆறு மாதம், மாதம் 66 அல்லது 67 பவுண்டாக, பெரும்பாலும் பில்லில் கழிந்தது. பில்லே இரட்டிப்பாகியிருந்த நேரம் அது. 67 குறைந்த பில்லைப் பார்ப்பவருக்கு 67 கிடைத்தது என்று தோன்றாது, குறைவாக வலித்தது என்றுதான் தோன்றும். உபரி என்ற உணர்வே இல்லாதபோது அதைக் கொடு என்று கேட்பது கடினம்.

வாங்க வேண்டியவர்கள் பக்கமும் அந்த ஏற்பாடு சறுக்கியது. பழைய மாதிரி ப்ரீபெய்டு மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு மாதாமாதம் வவுச்சர் தபாலிலோ குறுஞ்செய்தியிலோ போனது. அதைக் கடையிலோ தபால் நிலையத்திலோ கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கடிதம் பழைய முகவரிக்குப் போனது, விளம்பரம் என்று குப்பைக்குப் போனது, மோசடி என்று அழிக்கப்பட்டது. கணிசமான வவுச்சர்கள் மாற்றப்படாமலே காலாவதியாயின. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பில் கழியும் வசதியான வீட்டுக்கு விரலை அசைக்காமல் 400, மீட்டர் வீட்டுக்கு ஆறு முறை கடை வாசல். இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை என்று நம்பலாம்.

2024: ஓட்டை அடைபட்டது

2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிபொருள் உதவித்தொகை இனி பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் சார்ந்த உதவி பெறுபவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார். செப்டம்பர் 10ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 348க்கு 228 என்ற வாக்கில் அது நின்றது. ஒரு கோடிக்கு மேல் இருந்த பயனாளிகள் ஏறக்குறைய 15 லட்சமாகச் சுருங்கினார்கள்.

பணக்காரருக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் நன்கொடைத் திட்டத்தின் கண்ணோட்டத்தில் பாருங்கள். தனக்கு வேண்டாம் என்று கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரின் கையிலிருந்தும் அந்தப் பணம் போய்விட்டது. இன்னும் வாங்கிக்கொண்டிருப்பவர்களோ, அந்தப் பணம் யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ அந்த ஏழைகள். அவர்களிடம் தானம் கேட்க முடியாது. அதே நேரத்தில் உதவி கேட்கும் வரிசை நீண்டது. அந்த ஆண்டு தனி ஆளுக்குப் பென்ஷன் கிரெடிட் வரம்பு பொதுவாக வாரம் 218.15 பவுண்டு. வாரம் 220 வருகிற ஒரு பாட்டிக்குப் பென்ஷன் கிரெடிட்டும் இல்லை, எரிபொருள் தொகையும் இல்லை. இரண்டு பவுண்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் 200 போயிற்று. இப்படிப்பட்டவர்கள்தான் அந்தக் குளிர்காலத்தில் அறக்கட்டளைகளின் பக்கம் புதிதாகத் திரும்ப வேண்டியிருந்தது.

அரசு உதவியில் இருந்த தளர்வைத் தன் மூலதனமாகக் கொண்ட ஓர் அறக்கட்டளைத் திட்டத்துக்கு இந்த அபாயம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அரசு கொள்கையைச் சரியாகச் செய்தால் நன்கொடை வற்றும், தவறாகச் செய்தால் பெருகும். அதை நம்பி ஆண்டுத் திட்டம் போட முடியாது. சேமிப்பும் வேறு நிதி வழிகளும் வைத்திருந்த அறக்கட்டளை சமாளிக்கலாம், வேண்டுகோளை மட்டும் நம்பியிருந்தால் கஷ்டம்.

எதிர்ப்பு வலுத்தது. 2025 ஜூனில் அரசு பின்வாங்கியது. இப்போது எல்லா ஓய்வூதியர்களுக்கும் தொகை வரும். ஆனால் தனிநபர் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறை முழுவதையும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். படிப்படியாகக் குறைவதில்லை, 35,000க்கு மேல் ஒரு பவுண்டு இருந்தாலும் மொத்தமும் போகும். ஸ்காட்லாந்துக்குப் பெயரும் ஏற்பாடும் தனி. சுமார் 90 லட்சம் பேருக்குத் தொகை நிலைக்கும் என்று அரசு சொன்னது. 20 லட்சம் பேர் அளவில் திருப்பிக் கொடுப்பவர்கள். கணக்கு ஆளுக்கு ஆள் என்பதால், கணவனுக்கு 34,000, மனைவிக்கு 34,000, வீட்டுக்கடனும் முடிந்துவிட்டது என்கிற தம்பதி இருவரும் தங்கள் பங்கை வைத்துக்கொள்ளலாம். சர்வைவிங் வின்டருக்கு இனி இயல்பான நன்கொடையாளர்கள் இவர்கள்தான்.

வாங்குபவர் பட்டியலும் மாறியாக வேண்டும். இந்தத் தொகை முதியவருக்கானது என்பதால், முதியவர் கொடுத்து முதியவர் வாங்குவது என்ற படமே ஆரம்பத்தில் எல்லோர் மனதிலும் இருந்தது. ஆனால் ப்ரீபெய்டு மீட்டருக்கு முன்னால் கீயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் குழந்தைகளை வைத்திருக்கும் இளம் தாய்மாரும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் நிறைய. அவர்களுக்கு இந்த 200 ஒருபோதும் வந்ததில்லை. அவர்களுக்கான குளிர்கால உதவி என்று பார்த்தால், குறைந்த வருமான உதவிகள் பெறும் வீடுகளுக்கு மின்கட்டணத்தில் 150 பவுண்டு தள்ளுபடி உண்டு. கடுங்குளிருக்கென்று 25 பவுண்டு இருக்கிறது. அதற்குத் தொடர்ச்சியான ஏழு நாளின் சராசரி வெப்பம் பூஜ்யமாகவோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். அந்தச் சராசரி பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலும் கிடையாது.

35,000க்கு மேல் வருமானம் உள்ளவருக்கு இப்போது இரண்டு வழி. செப்டம்பருக்குள் எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடலாம். அந்த 200 கருவூலத்திலேயே தங்கிவிடும், மாவட்டத்தில் யாருக்கும் போகாது. இல்லையென்றால் வாங்கிக்கொள்ளலாம். வரித்துறை பிறகு, அவர் வருமானத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் வரிக் குறியீட்டை மாற்றி, மாதம் ஏறக்குறைய 17 பவுண்டாக அதைத் திரும்ப எடுக்கும். நடுவில் அந்த 200ஐ அவர் அறக்கட்டளைக்கு அனுப்பினால், கிஃப்ட் எய்டோடு 250 ஆகப் போய்ச்சேரும். மாதம் 17 அவர் சொந்தப் பையிலிருந்து போகும். 2010 முதல் கேட்டுவந்தது அரசு கொடுத்ததைத் தள்ளிவிடச் சொல்லி. இவர்களிடம் இனி கேட்பது அவர்களுடைய பணத்தை. அதற்கும் அதே கைகள் நீளுமா என்பது குளிர்கால வசூலில்தான் தெரியும்.